சாயம் போகுமா

காலாண்டுத் தேர்வு, கணக்கில்
தொண்ணூறுக்கு இருபத்தாறு.
தீபாவளிக்கு இன்னும் இருபத்திரண்டு நாள்.
தெற்கு மாசி வீதியில் எந்தத் துணிக்கடையிலும்
இந்த மாதம் லீவு கேட்கிறவளை
ஏற இறங்கப் பார்ப்பார்கள்.
அரைநாள் வாங்கினேன்,
மகளுக்கு டியூஷன் பார்க்கணும் என்று.
"மாப்பிள்ளை பார்க்கிற மாதிரி சொல்றியேக்கா"
என்றாள் பில் போடும் சொர்ணமீனா.
மாப்பிள்ளைக்குத் தரகர் இருக்கிறார்.
இதற்கு யாரைப் பிடிக்க?

முதலில் பைபாஸ் ரோட்டில் ஒரு மாடி.
வாசலில் ஆளுயரத்துக்கு பிளெக்ஸ்.
சிரிக்கச் சொல்லி எடுத்த முப்பது முகங்கள்,
ஒவ்வொரு தாடைக்குக் கீழும் ஒரு மார்க்கு.
ஏசி அறையில் இருந்தவர் சொன்னார்:
"சென்டம் எங்க பொறுப்பு மேடம்,
இந்த வாரமே சேர்ந்தா மூவாயிரம் தள்ளுபடி."
எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.
பதினாலு வருஷமாக நான் சொல்கிற வசனம்.
சாயம் போகவே போகாதுக்கா, என் பொறுப்பு,
இந்தக் கலர்ல இது ஒண்ணுதான் இருக்கு.
சொல்லும்போது சேலையைத் தடவிக்கொண்டே இருக்கணும்.
கை ஓய்ந்தால்
வந்தவர் யோசிக்கத் தொடங்கிவிடுவார்.
அவர் பேனாவால் மேஜையைத் தட்டிக்கொண்டே இருந்தார்.
என் போன் நம்பரைக் கேட்டார்.
பிள்ளையின் பெயரைக் கேட்கவில்லை.

எஸ்.எஸ். காலனியில் ஜெயபாலன் சார்
கேட்டைப் பாதி திறந்து நின்றபடி பேசினார்.
எண்பதுக்கு மேல் எடுக்கிறவர்களைத்தான் சேர்ப்பாராம்.
எண்பது எடுக்கிறவளுக்கு நீங்கள் எதற்கு
என்று வந்த வார்த்தையை
எச்சிலோடு விழுங்கினேன்.
பவதாரணி செருப்பு வாரை மாட்டாமலே
தெருமுனை வரைக்கும் இழுத்துக்கொண்டு நடந்தாள்.

மகபூப்பாளையத்துக்குப் போனபோது மணி பன்னிரண்டரை.
பேருக்குக்கூடப் பலகை இல்லாத வீடு.
மெகருன்னிசா மிஸ் ஈரக்கையைத் துப்பட்டாவில் துடைத்துக்கொண்டு
விடைத்தாளைக் கேட்டு வாங்கினார்.
மேலே வட்டம் போட்டிருந்த மார்க்கைப் பார்க்கவில்லை,
நேரே மூன்றாம் பக்கம் புரட்டினார்.
அடித்து அடித்து எழுதியிருந்த ஒரு வரியில்
விரல் வைத்துக் கேட்டார்:
"இங்க என்னம்மா நினைச்ச?"
இவள் என்னமோ சொன்னாள். எனக்குப் புரியவில்லை.
அவருக்குப் புரிந்தது போலிருந்தது.

"ஏழாவதுலேயே பின்னத்தை விட்டுட்டு வந்திருக்கா.
அங்கேருந்துதான் நான் தொடங்குவேன்.
அரையாண்டுலயும் இதே மார்க்குதான் வரும்,
கோவப்படக் கூடாது.
தொகையீடு எனக்கே சுமார்தான்,
அதுக்கு வேற ஆளைப் பார்த்துக்குங்க."

வயிற்றில் புளியைக் கரைத்தது.
ஆனால் பேசி முடிக்கிற வரைக்கும்
அவர் கை எதையும் தடவவில்லை, தட்டவில்லை.
விடைத்தாள் மேல் சும்மா கிடந்தது.
ஆயிரத்து இருநூறு என்றார்.
ஆயிரம் என்றேன், தொழில் புத்தி.
ஆயிரத்து இருநூறு என்றார் மறுபடியும்,
குரலைக் கூட்டாமல்.

பஸ்ஸில் கம்பியைப் பிடித்தபடி கேட்டேன்,
சேர்றியா?
"சேர்றேன்."
நல்லா சொல்லித் தருவாங்கன்னு தோணுதா?
"தெரியலம்மா. அங்க பாத்ரூமுக்குத் தாழ்ப்பா இருக்கு.
பைபாஸ்ல கதவே சாத்த வரல,
அறுபது பேருக்கு அது ஒண்ணுதான்."
எப்போது போய்ப் பார்த்தாள்?
எத்தனை ஆயிரம் சேலையை
வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடியவள் நான்,
எனக்கு அது தோன்றவே இல்லை.

மூன்று மணிக்குக் கடையில் நிற்க இடமில்லை.
பாட்டில் பச்சையை மடியில் விரித்துக்கொண்டு
ஒருத்தி கேட்டாள், சாயம் போகுமா?
முதலாளி கல்லாவில்தான் இருந்தார்.
முதல் தண்ணியில கொஞ்சம் போகும்,
தனியா அலசுங்க என்றேன்,
பாதிச் சத்தத்தில்.