நான்கு வினாடி

"கடல் நீலம் போடுங்க" என்றார் லாட்ஜ்காரர்.
எந்தக் கடல் என்று கேட்டேன்.
பாம்பனில் நின்றுகொண்டு அதைக் கேட்காமல் முடியாது:
வடக்கே பெண்கடல், மோர் கலந்த பச்சை.
தெற்கே ஆண்கடல், மசி.
அவர் போனில் மாலத்தீவைக் காட்டினார்.
மாலத்தீவையே கொடுத்தேன்.
என் முதல் வெப்சைட் அது,
வாதாட வாய் முளைக்கவில்லை.

அதற்கு முன் மண்டபத்தில்
கல்யாணக் கார்டு அடிக்கும் கடை.
அறுநூறு எழுத்துரு இருந்தது,
அறுநூறையும் ஒரே கார்டில் கேட்ட
மாப்பிள்ளைகளும் இருந்தார்கள்.
பிறகு துபாய் நகைக்கடை, கீழக்கரை ஆஸ்பத்திரி,
தொண்டிப் பக்கம் ஒரு இறால் பண்ணை.
பதினோரு வருடத்தில்
"லோகோ இன்னும் பெரிசா" என்பதை
நான்கு மொழிகளில் புரிந்துகொள்வேன்.

எல்லோரும் கேட்டது ஒன்றுதான்.
வந்தவர் போய்விடக் கூடாது.
உருட்ட வை, இன்னொரு படம் காட்டு,
மூடப் போகிற விரலுக்குக் குறுக்கே
ஒரு தள்ளுபடியை நிறுத்து.
நான் அதில் கெட்டிக்காரி.
தூண்டில் என்று அதைச் சொல்ல மாட்டேன்,
இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு வேலை இருக்கிறது.

போன ஐப்பசியில்
நாட்டுப்படகுச் சங்கத்திலிருந்து நம்புராஜன் வந்தான்.
காத்து, அலை, கூண்டு ஏறியிருக்கா இல்லையா,
அம்புட்டுதான் என்றான்.
அம்புட்டை நான் விடுவேனா.
மேகம் நகர்ந்தது, அலை மடங்கி விழுந்தது,
வெள்ளையில் மெல்லிய சாம்பல் எழுத்து.
எனக்கே என்மேல் பொறாமை வந்தது.

படகில் கொண்டுபோனான்.
உச்சிவெயில்.
"எம் மூஞ்சிதான் தெரியுது, ருக்கையா.
சிக்னல் ஒத்தக் கோடு.
ஒன் அலை வந்து சேர்றதுக்குள்ள
நிஜ அலை வந்துரும்."

பாசி எடுக்கும் மிக்கேலம்மாள்
விரலில் சுற்றிய துணியை அவிழ்த்து அழுத்தினாள்.
பாறை தின்ற ரேகை.
போன் அசையவில்லை.
இன்னொரு தரம்.
"இது என்னைய ஆளாவே மதிக்கல" என்று
விரல் முட்டியை மடக்கிக் கதவு தட்டுகிறமாதிரி தட்டினாள்.
சிரித்தோம். எனக்குச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

ராத்திரி உட்கார்ந்து எடுக்க ஆரம்பித்தேன்.
முதலில் மேகம்.
அலையை எடுக்க ஒரு டீ தேவைப்பட்டது.
சாம்பல் கறுப்பாயிற்று.
வடமேற்கு என்று எழுதியதை அழித்து வாடை என்று எழுதினேன்,
தென்மேற்கைக் கச்சான் என்று.
பொத்தான், முட்டிக்கேற்ற அகலம்.
போகலாமா என்று பக்கம் சொல்லாது.
காற்றைச் சொல்லும்,
போவதும் இருப்பதும் அவர்கள் கணக்கு.
அடியில் இருந்த என் பெயரையும் எடுத்தேன்.
பிறகு திரும்ப வைத்தேன், சின்னதாக.

மறுநாள் பஸ் ஜன்னலில் துறைமுகக் கம்பம்.
மூன்றாம் எண் கூண்டு.
பகலில் கறுப்பாய் ஒரு உருவம்,
இருட்டினால் விளக்கு.
இத்தனை வருடம் இதைத் தாண்டிப் போய்த்தான்
ராமநாதபுரத்தில் டிசைன் வகுப்பு எடுத்திருக்கிறேன்.

"ஒண்ணுமே இல்லையே இதுல" என்றார் சங்கப் பொருளாளர்.
பாதிப் பணம் வந்தது.
மீதிக்கு நண்டு.

இப்போது அதிகாலை மூன்றரை.
கணக்கைத் திறந்து பார்க்கிறேன்:
நாற்பத்தொரு பேர் வந்தார்கள்,
நான்கு வினாடி நின்றார்கள்,
போய்விட்டார்கள்.
நகைக்கடைக்காரர் பார்த்தால்
என்னை வேலையை விட்டுத் தூக்குவார்.
வெளியே எஞ்சின்கள் ஒவ்வொன்றாய்
இருமிப் பிடிக்கின்றன.

ஒருவர் மட்டும் பத்தொன்பது வினாடி.
பீடி பற்றவைத்திருக்கலாம்.
மகன் கூப்பிட்டிருக்கலாம்.
இல்லை, என் எழுத்து ஏதோ ஒன்று
அவர் காலில் வலையாய்ச் சிக்கியிருக்கலாம்.

எழுந்து விளக்கைப் போடுகிறேன்.