சட்டைக்கையின் சத்தம்

எங்கள் முதல் நோயாளி காகிதத்தில் வந்தார்.
பெயர் கிடையாது. ஆண், வயது ஐம்பத்தெட்டு,
சர்க்கரை நோய், இரவு ஷிஃப்டில் ரொட்டிச் சூளை.
வாரத்துக்கு ஒரு பக்கம்தான் தருவார்கள்.
அடுத்த செவ்வாய்க்குள் அவர் கால் என்ன ஆகுமென்று
எட்டுப் பேரும் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும்.

அவருக்கும் முன்னால் வந்தது ஒரு வினாத்தாள்:
நீ பார்த்துக் கற்பவளா, கேட்டா, படித்தா, செய்தா?
நூர்ஜிஹான், பார்த்து.
இஸ்மிரின் பேருந்துத் தடங்கள் மாதிரி
பலகை முழுக்க ரத்தக்குழாய்களை
நிறம் நிறமாக ஓடவிடுவாள்.
பெர்ஃபின், படித்து.
வளைகுடாவைக் கடக்கும் படகிலும் அடிக்கோடு;
அவள் நோட்டில் எள் ரொட்டி உதிராத பக்கமே இல்லை.
இல்ஹாமி, கேட்டு.
வகுப்பில் கண்ணை மூடிக்கொள்வான், தூக்கமென்று நினைத்தோம்.
போன மாதம் யார் என்ன சொன்னார்களென்று
நடுவில் வந்த இருமலோடு சேர்த்துச் சொல்வான்.
எனக்கு நான்கிலும் ஒரே மதிப்பெண்.
'கலவை' என்றது கணினி.
எதிலும் தேறாதவள் என்பதை
இப்படியும் மரியாதையாகச் சொல்லலாம் போல.

எங்கள் ட்யூட்டர் செவ்கூல் ஹானிம் பதில் சொல்லமாட்டார்.
அதற்குத்தான் சம்பளமோ என்னவோ.
"ஏன் அப்படித் தோன்றுகிறது?" என்று கேட்டுவிட்டுத்
தேநீரைக் கலக்க ஆரம்பித்துவிடுவார்.

மூன்றாம் பக்கத்தில் முட்டிக்கொண்டோம்.
மார்ச் நான்கு: பாதத்தில் உணர்வு இயல்பு.
மார்ச் இருபத்தைந்து: குதிகாலில் ஆழமான தீப்புண்,
நோயாளி அறியவில்லை.
மூன்று வாரத்தில் ஒரு நரம்பு செத்துவிடுமா?
நூர்ஜிஹான் இரண்டு படம் வரைந்து இரண்டையும் அழித்தாள்.
பெர்ஃபின் கொண்டுவந்த ஒன்பது கட்டுரைகளும்
'சந்தேகம்தான்' என்றன.
அச்சுப்பிழை, வாருங்கள் சாப்பிடப் போகலாம் என்றான் துன்ஜெர்.

மதியம் செய்முறை.
மீன் தூண்டில் நரம்பு போல ஒரு நைலான் இழை;
பத்து கிராம் அழுத்தத்தில் வளையும்.
ஒருவர் கண்ணை மூட, மற்றவர் பாதத்தில் தொட வேண்டும்.
எனக்கு வாய்த்தது இல்ஹாமியின் பாதம்.
பெருவிரல். "ம்."
குதிகால். "ம்."
பத்துக்குப் பத்து.
பதினொன்றாவதில் துன்ஜெர் எதற்கோ கூப்பிட
கை நீட்டியபடியே திரும்பினேன்.
இழை படவே இல்லை.
"ம்" என்றான்.

கஞ்சி போட்ட கோட்டின் கையை
முழங்கைக்கு மேலே சுருட்டினேன்.
மூச்சை நிறுத்திக்கொண்டேன்.
இடது கால், மூன்றாம் விரல்.
இழை வில்லாக வளைந்தது.
நான்காம் விரல். வளைந்தது.
அவன் கண்மூடிப் புன்னகைத்துக்கொண்டிருந்தான்,
துணி உரசும் சத்தத்துக்குக் காத்திருப்பவனாக.

"இல்ஹாமி, தொட்டுக்கொண்டிருக்கிறேன்."

கண் திறந்து வளைந்த இழையைப் பார்த்தான்.
வேறு யாருடைய காலையோ பார்ப்பது மாதிரி.
பதினாறு வயதில் மோட்டார் சைக்கிள், என்றான்,
வீட்டுக்குத் தெரியாமல் தையல் போட்டது.
விரல்கள் மரத்துப்போனதைக் கால் யாரிடமும் சொல்லவில்லை,
அவனிடம்கூட.

பெர்ஃபின்தான் முதலில் மூன்றாம் பக்கத்தைத் திருப்பினாள்.
மார்ச் நான்கு.
இரவெல்லாம் சூளையில் நின்றுவிட்டு
வீட்டுக்குப் போய்த் தூங்கினால் போதுமென்று ஒருவர்.
தெரிகிறதா, இப்போது தெரிகிறதா என்று
சரசரக்கும் கோட்டில் குனிந்த ஒருவர்.
எல்லாவற்றுக்கும் ஒரே ஆமாம்.
அந்த 'இயல்பு' எந்தக் கையெழுத்தில் இருந்திருக்கும்?
என் கையெழுத்தில் என்றே படிக்க முடிந்தது.

செவ்கூல் ஹானிம் எழுந்தார்.
ஏதோ சொல்லப்போகிறார் என்று எட்டுப் பேரும் நிமிர்ந்தோம்.
கடற்பறவைகளின் இரைச்சல் உள்ளே வராமல்
ஜன்னலை மூடிவிட்டு
உட்கார்ந்துவிட்டார்.

மாலைப் படகில் இல்ஹாமி ஷூவைக் கழற்றினான்.
இரண்டு விரல்களையும் நகம் வெளுக்கும்வரை அழுத்தி,
விட்டு, மறுபடி அழுத்தி,
"இனி இவற்றைப் பார்த்துத்தான் கற்க வேண்டும்" என்றான்.
சிரித்தேன், கொஞ்சம் தாமதமாக.

நான்காம் பக்கம் செவ்வாய்க்கிழமைதான்.
மணி எட்டாகிறது.
இந்நேரம் சூளையைப் பற்றவைத்திருப்பார்.