கணக்கில் வராத நாலடி

வெளியே அளந்தால் அறுபத்தேழு அடி.
உள்ளே எல்லா அறைகளையும்
சுவர்களின் தடிப்பையும் கூட்டினால்
அறுபத்து மூன்று.
நாடாவில் பிழையென்று நினைத்தேன்.
மர்சூக் முனையைப் பிடிக்க மறுபடி அளந்தேன்.
நாலடி எங்கேயோ நிற்கிறது
மூச்சுக் காட்டாமல்.

உட்துறைமுக வீதியில்
உலாந்தாக்காரன் கட்டி இங்கிலீசுக்காரன் பூசிய வீடு.
வரும் சித்திரையில் ஹோட்டல்.
பதினொரு அறைக்கும் பெயர் வைத்தாயிற்று:
தளபதி அறை, கறுவா அறை, கப்பித்தான் அறை…
பழைய குசினியை 'வைன் அறை' என்று
வரைபடத்தில் எழுதச் சொன்னார்கள்.
எழுதினேன்.

குசினியின் பின்சுவரைத் தட்டியபோது
மற்றச் சுவர்கள் சொல்லாத ஒன்றைச் சொன்னது.
மர்சூக் அலவாங்கை எடுத்தான்.
முருகைக்கல்லும் சுண்ணாம்பும் உதிர்ந்தபின்
முதலில் வெளியே வந்தது
பழைய எண்ணெய்ப் பிசுக்கின் வாடை.

நாலடி அகலம். ஒன்பதடி நீளம்.
சன்னல் இல்லை.
மேல்மூலையில் ஒரு கம்பி;
அதன் மறுமுனை பெரிய படுக்கையறையில்.
மணியைக் காணோம்.
தரையிலிருந்து ரெண்டடி உயரத்தில்
சுவர் ஓரிடத்தில் மட்டும் வழவழவென்றிருந்தது.
குந்திச் சாய்ந்து பார்த்தேன்.
முதுகு தானாக அந்த இடத்துக்குப் போனது.

எஞ்சினியரிடம் ஒரு படப்பிரதி இருக்கிறது,
வீட்டுக்காரன் செத்தபின் ஏலத்துக்கு எழுதிய பட்டியல்.
முதல் பக்கத்துக்குச் சட்டம் போட்டு
வரவேற்பறையில் மாட்டப் போகிறார்கள்:
கருங்காலிக் கட்டில் ரெண்டு,
சீனக் கிண்ணம் முப்பத்தாறு, அதில் ஒன்று விரிசல்.
இரண்டாம் பக்கம் வேண்டாமாம்.
செப்தெம்பர், ஆண்.
வாங்கிய மாதமே பெயர்.
ஒரு கால் நொண்டி, ஐம்பது இறைசால்.
மக்காசர் றொசேத்தா, தையல் தெரியும்.
தூத்துக்குடிச் செலஸ்தினாள், பிள்ளையோடு.
பிள்ளைக்குப் பெயர் எழுதவில்லை.
விரிசலை எழுதிய கைதான்.

லாச்சி. கந்தோர். கக்கூசு.
எங்கள் வாய்க்கு இவை எப்படி வந்தன?
முன்வாசலால் இறங்கி
எந்தத் துரையும் தந்துவிட்டுப் போகவில்லை.
லாச்சியைத் துடைத்தவள்,
கந்தோரைக் கூட்டியவன்,
கக்கூசு வாளியைச் சுமந்தவன்
பின்வாசலால் கொண்டுபோய்
மீன் சந்தையில், கிணற்றடியில் சிந்தியவை.
கிண்ணியா பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள்
எத்தனை தரம்
செப்தெம்பரின் வாயால் பேசிவிடுகிறேன்.

உம்மா தம்மாமில் இருந்த ஏழு வருசமும்
படுத்தது ஒரு படிக்கட்டுக்குக் கீழே.
ஒலிநாடாவில் சொல்லி அனுப்பினா:
'கைய விரிச்சா ரெண்டு செவரும் தட்டும் புள்ள.'
பிறகு கொஞ்சம் சிரிப்பு.
பிறகு யாரோ கூப்பிட, நாடா நின்றுவிடும்.
அங்கே உம்மாவின் பெயர் மர்யம்.
அந்த வீட்டுக்கு முன்பு வந்தவளும் மர்யம்,
பின்பு போனவளும் மர்யம்.
ஜெஸீமா என்ற பெயர்
பாஸ்போட்டில் இருந்தது.
பாஸ்போட் அவர்களின் அலுமாரியில்.

இருட்டுக்குள் நின்று
நானும் கையை விரித்தேன்.
முழங்கை நிமிர்வதற்கு முன்பே தட்டியது.

'நல்லதாப் போச்சு,
ஏசிக் குழாயை இதால விடலாம்' என்றார் எஞ்சினியர்.
'அளவைப் போட்டு ஸ்டோர் எண்டு எழுதும்.'
அளவைப் போட்டேன், பென்சிலால் அல்ல.
பெயரில் கை நின்றது.
செப்தெம்பர் என்று எழுதலாமா?
அதுவும் அவர்கள் இட்டதுதானே.
றொசேத்தாவை அவளுடைய தாய்
என்னவென்று கூப்பிட்டிருப்பாள்?

'பன்னிரண்டாம் அறை' என்று எழுதினேன்.
கீழே சின்னதாக: ஆள் இருந்தது.

பின்னேரம் தொலைபேசியில் கேட்டார்,
'எந்த ஆள்?'
பட்டியலின் இரண்டாம் பக்கத்தை
வாசிக்கத் தொடங்கினேன்.
மூன்றாவது பெயருக்குள் லைன் போய்விட்டது,
அல்லது வைத்துவிட்டார்.

மர்சூக் சோற்றுப் பார்சலோடு
உள்ளே போனவன் திரும்பி வந்தான்.
அங்கே இருந்து தின்ன ஏலாதாம்.
மதிலோரம் ரெண்டு மான்கள்
நேற்றைய பார்சல் தாளை மென்றுகொண்டிருந்தன.
நான் இன்னொருமுறை கூட்டிப் பார்த்தேன்.
அறுபத்தேழு.
பிள்ளை எங்கே படுத்திருக்கும் என்பதுதான்
இன்னும் பிடிபடவில்லை.