வேறு வைத்தல்

செக்காலை ரோட்டு மாடியில்
ஒரு சர்வர், மூன்று குடித்தனம்:
புள்ளிவரி, நகை அடகு, மண்டப முன்பதிவு.
மூன்றுக்கும் பொதுவாய் ஒரே லைப்ரரி.
இடம் மிச்சம் என்று நான்தான் வைத்தேன்.

அடகுக்காக ஒரு ஜாரைப் புதுப்பித்தேன்.
அடகு எழுந்தது,
மண்டபம் விழுந்தது.
தேடிய மெத்தட் காணோமாம்;
வைகாசி முகூர்த்த நேரத்தில்.

லாகை உருட்டிக்கொண்டே சிகப்பி சொன்னாள்:
"எங்க வளவுல எட்டுப் புள்ளி.
கல்யாணமானா வேறு வச்சிருவாக.
கிணறு பொது. அடுப்பு தனி.
நீ உப்பையுமில்ல பொதுவாக்கி வச்சிருக்கே."

விடியுமுன் வேறு வைத்தேன்:
அவரவர் ஜார், அவரவர் வெர்ஷன்.
டேட்டாபேஸ் டிரைவர் மட்டும் கிணறாய்ப் பொதுவில்.

புள்ளிவரி மட்டும் எதுவும் கேட்கவில்லை.
அதன் ஃபோல்டர் காலி,
ஆனாலும் ஓடுகிறது.
யார் அடுப்பில் சாப்பிடுகிறது என்று
திங்கட்கிழமை பார்க்க வேண்டும்.