வழி

பெக்கோ இன்னும் வரவில்லை என்று திட்டுகிறார்கள்.
ஓட்டுகிறவன் நான்தான்.
சின்ன முகத்துவாரத்துக்கு இருநூறு யார் இப்பால்
பின்சில்லு புதைந்து
சரிந்து கிடக்கிறோம், அதுவும் நானும்.

மூன்று நாள் அடைமழை. களப்பு வயலுக்கு ஏறிவிட்டது.
வட்டைவிதானை அலியார்லெவ்வை சொன்னார்:
"குடலைப் பயிர் தம்பி, நாளைக்கும் தண்ணி நிண்டா அழுகிரும்."
மீன்பிடிச் சங்கத்து நேசதுரை சொன்னார்:
"இப்ப வெட்டினா இறால் குஞ்செல்லாம் கடலுக்கு.
ரெண்டு நாள் பொறுங்க."
கச்சேரியில் கூட்டம் வைத்து, தேத்தண்ணி குடித்து,
காலை ஆறு மணிக்கு வெட்டு என்று கடிதம் தந்தார்கள்.
கடிதம் சட்டைப் பையில் கூழாகிவிட்டது.

முறுக்க முறுக்கப் புதைகிறது.
எஞ்சினை நிறுத்தினேன்.
இரவு மூன்றரை. தவளைச் சத்தம்.

றோட்டு வேலையில் எனக்கு மேலிருந்த குவோ
சீனாக்காரன். மத்தியானச் சோற்றுக்குப் பிறகு
தார்ப் பீப்பாயில் சாய்ந்து பேசுவான்.
அரைச் சிங்களம், கால் இங்கிலீசு, மிச்சம் கை.
ஒருநாள் புழுதியில் ஓர் எழுத்துக் கீறினான்.
தாவோ என்றான்.
அப்படியென்றால்?
நாங்கள் போட்டுக்கொண்டிருந்த றோட்டைக் காட்டினான்.
பிறகு தலையாட்டினான், அது இல்லையாம்.
கையிலிருந்த போத்தலைச் சரித்தான்.
தண்ணீர் புழுதியில் கொஞ்சம் நின்று,
யாரையும் கேட்காமல்
பள்ளம் பார்த்துப் போயிற்று.
இது, என்றான்.
இதை வைத்து என்ன செய்வது என்று கேட்டேன்.
குறுக்கே நிற்காதே, அவ்வளவுதான் என்பதுபோல்
கையை விரித்தான்.
ஓவசியர் விசில் ஊதினார், எழும்பிப் போனோம்.

அவனிடம் நான் சொல்லாத ஒன்று உண்டு.
இந்தக் கரையில் தண்ணீரை மெதுவானது என்று சொல்ல
ஆள் தேட வேண்டும்.
மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை
கடலும் பள்ளம் பார்த்துத்தான் வந்தது.
நாங்கள்தான் பள்ளம்.
சம்மாந்துறைப் பக்கம் வேலை என்று போனதால் நான் மிச்சம்.
அதையும் சேர்த்துத்தான் தாவோவா குவோ?
ஓம் என்றுதான் சொல்லியிருப்பான் என்று நினைக்கிறேன்,
சிரிக்காமல்.

வழி என்றால் நடக்கிற பாதை.
பானை நிறைந்தால் பால் செய்கிற வேலையும் வழிதான்.
இத்தனை வயதாகியும் அந்த ரெண்டையும்
வெவ்வேறு சாக்கில் கட்டி வைத்திருந்தேன்.

டோர்ச் வெளிச்சம் ரெண்டு வந்தது.
விதானையும் நேசதுரையும், ஒரே குடைக்குள்,
சண்டை பிடித்தபடி.
மணல்திட்டுக்கு ஏறினோம்.
இந்தப் பக்கம் களப்பு, விளிம்பு வரைக்கும்.
அந்தப் பக்கம் கடல், ரெண்டு ஆள் பதிவில்.
நடுவில் பாய் அகல மணல்.
வாடைக் காற்று.

யார் செய்தது என்று இப்போதும் தெரியாது.
மூன்று பேர் நின்றோம், ஆறு குதிகால்.
ஒரு குதிகால் அசைந்த தடத்தில்
நூல் போல ஒரு தண்ணீர்.
"மூடு, மூடு" என்றார் நேசதுரை,
ஆனால் அவரும் குனியவில்லை.
நூல் கயிறானது.
கயிறு சாரன் அகலமானது.
மறுகா கரை துண்டு துண்டாக விழத் தொடங்க
நாங்கள் பின்னால் ஓடினோம்.

ஆறு மணிக்கு நீர்ப்பாசனத் திணைக்கள ஜீப்.
தொழில்நுட்ப உத்தியோகத்தர் றிஸ்மியா
பாய்ந்து போகிற ஆற்றைப் பார்த்தார்,
புதைந்து கிடக்கிற பெக்கோவைப் பார்த்தார்.
படிவத்தை நீட்டினார்.
வெட்டியவர் பெயர்.
இயந்திரம் ஓடிய மணித்தியாலம்.
நான் கோடு போட்டேன்.
"கோடு போட்டா காசு வராது" என்றார்.
அதுவும் சரிதான்.

விதானைக்கு மேட்டுவயல் தப்பும்,
பள்ளவயல் மூன்று ஏக்கர் தப்பாது.
இறால் போனது போனதுதான்.
ஆனால் வெட்டுவாயில் கொடுவா ஏறுகிறது என்று
யாரோ கத்த,
என்னையும் விதானையையும் அரசாங்கத்தையும் திட்டிக்கொண்டே
நேசதுரை வலை எடுக்க ஓடினார்.

என்னை இழுக்க வேறொரு பெக்கோ வரவேண்டும்.
வரும் என்கிறார்கள்.
சில்லைச் சுற்றி மணலில்
தண்ணீர் வடிகிற சத்தம் கேட்கிறது.