காதுக்கு ஒரு சாண் தள்ளி

கெலமங்கலம் சாலையில் ரோஜாப் பண்ணை.
ஞாயிறு மாலை, பேக்கிங் கொட்டகை காலி.
கவிழ்த்த வாளிகள் ஐந்து, வட்டமாக.
நடுவே ஆறாவது வாளியின் மேல்
கண்ணாடி விரிசல் விட்ட என் போன்,
பதிவு பட்டன் வானத்தைப் பார்க்க.

முன்னால் நிற்கக் கூடாது, அதுதான் முதல் விதி.
கரும்பலகை இல்லை, அட்டை இல்லை,
"எல்லாரும் சேர்ந்து சொல்லுங்க" இல்லை.
யாருக்குப் பேசத் தோன்றுகிறதோ
அவர் முதுகுக்குப் பின்னால் போய் நிற்பேன்,
காதுக்கு ஒரு சாண் தள்ளி.
அவர் இந்தியில் சொல்வார்.
நான் தமிழில் தணிந்து சொல்வேன்.
அவர் அதை எடுத்து வட்டத்துக்குச் சொல்வார்.
பதிவில் அவர் குரல்தான் இருக்கும்.
நான் இருந்தால்
காகிதம் உரசுகிற சத்தமாக இருப்பேன்.

ஓசூரில் இரண்டு நாள் பயிற்சியில் சொன்னார்கள்:
நீ டீச்சர் இல்லை, கைத்தடி.
நடக்க வந்ததும் மூலையில் சாத்திவிடுவார்கள்,
வருத்தப்படாதே.

மேனேஜர் கேட்டது வேறு:
"வெட்டு, எண்ணு, கட்டு, அடுக்கு.
இருபது வார்த்தை போதும்மா."
வட்டம் முதல் வாரம் கேட்டது:
"கையுறை கிழிஞ்சிருக்கு."
அடுத்த வாரம்:
"டேங்க் தண்ணி மருந்து வாசம் அடிக்குது."
அதற்கடுத்து லக்கிந்தர்:
"போன ஞாயித்துக்கிழமை சம்பளம் எங்க?"
போனில் தன் குரலைக் கேட்டதும்
திரும்பிப் பின்னால் பார்த்தான்,
வேறு யாரோ கேட்டுவிட்டது போல.

எந்தத் தமிழைக் கொடுப்பது?
இருக்கிறது என்பதா, இருக்கு என்பதா,
பஸ் ஸ்டாண்டில் கேட்கிற கீது என்பதா?
எங்கள் வீட்டில் தெலுங்கு.
மூன்றாம் வகுப்பில் "நோட்டு எங்கே" என்ற டீச்சருக்கு
"லேது" என்றேன்.
லேட்டு என்று காதில் விழுந்து
வெளியே நிற்க வைத்தார்.
அதனால் ஒவ்வொரு சொல்லையும்
ஒருமுறை கடித்துப் பார்த்துத்தான் கொடுக்கிறேன்.

பிப்ரவரி பதினான்கு முடியும்வரை வகுப்பு இல்லை.
இரவெல்லாம் பூ.
திரும்ப வந்தபோது விரல்களில் பிளாஸ்திரி கூடியிருந்தது,
வார்த்தை குறைந்திருந்தது.

சுகுர்மணி அதுவரை வாய் திறந்ததில்லை.
கட்டாயப்படுத்தக் கூடாது, அது இரண்டாம் விதி.
அன்று பேசினாள். தரையைப் பார்த்து, நிறுத்தாமல்,
இந்தியில் இல்லை, சந்தாலியில்.
அவள் பின்னால் நின்றேன்,
கொடுக்க ஒன்றுமில்லாமல்.

லக்கிந்தர் எழுந்து வந்தான்.
எனக்குப் பின்னால் நின்றான்.
என் காதுக்கு ஒரு சாண் தள்ளி
இந்தியில் சொன்னான்.
பீடி வாசனை. கழுத்து கூசியது.
எத்தனை பேர் பின்னால் இப்படி நின்றிருக்கிறேன்,
ஒருவரும் சொன்னதில்லை.

அவ்வளவு நேரம் அவள் பேசியது
இரண்டு வாய் தாண்டித் தமிழுக்கு வந்தபோது
ஒரே வரி:
"பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்தப்ப
நான் பூ எண்ணிட்டிருந்தேன்."

எண்ணி. ட்டி. ருந்தேன்.
தடுக்கித் தடுக்கிச் சொல்லி முடித்தாள்.

போட்டுக் கேட்டோம்.
பதினோரு நொடி குளிர் அறை மோட்டார்,
பிறகு அவள்.
இன்னொரு தடவை என்று விரல் காட்டினாள்.
இன்னொரு தடவை.
யாரும் உச்சுக் கொட்டவில்லை.
பாஹாமணி மட்டும் தன் வாளியை
அவள் பக்கம் ஒரு சாண் இழுத்துப் போட்டாள்.
"பாப்பா இப்ப எப்படி இருக்கு?"
தமிழில்தான் கேட்டாள்.
பின்னால் யாரும் நிற்கவில்லை.

"பாப்பா நல்லா இருக்கு" என்றாள் சுகுர்மணி.
பிறகு, யாரும் கேட்காமலே,
"நானும் நல்லா இருக்கு."

இருக்கேன் என்ற சொல்
என் பல் வரை வந்துவிட்டது.
விழுங்கினேன்.
வாரம் முழுக்கக் குளிர் அறைக் கணக்கு எழுதுகிறவள் நான்,
எது எத்தனை நாள் வாடாது என்று தெரியும்.
அடுத்த ஞாயிறு வரை தாங்கும்.