வளைய ஓர் இடம்

ஐம்பத்திரண்டு மில்லிமீட்டரில் ஒரு செப்புக் கம்பி.
அப்படி மூன்று.
சமையல் மேடையில் செய்தித்தாள் விரித்து
ஒவ்வொன்றையும் இதழாக வளைத்து,
சாய்த்து, ஈயம் வைக்கிறேன்.
பதினோரு மாடிக்குக் கீழே சுவா சூ காங்கில்
கடைசி ரயில் ஆளிறக்கிவிட்டுப் போகிறது.

ஒரு மில்லிமீட்டர் பிசகினால்
படத்தில் பனி விழும்.
இந்த ஊரில் பனி பார்க்க
எனக்கிருக்கும் ஒரே வழி.

இந்தப் பூவுக்கு வலக்கைப் பழக்கம்.
அலையைத் திருகாணிபோல் திருகி அனுப்பும்.
அடுக்குமாடிச் சுவரில் மோதித் திரும்பினால்
அலை இடக்கையாகிவிடும்,
என் கண்ணாடி அதைச் சேர்க்காது.
நேரே வந்தது எது, சுவர் திருப்பிச் சொன்னது எது என்று
பிரித்தறிய
இவ்வளவு செப்பு போதும்.
அலுவலகத்தில் எனக்கு அது வாய்த்ததில்லை.

முன்பு செய்தவையெல்லாம் போயின.
முதலாவது இதழ் நசுங்கிச் செத்தது.
இரண்டாவதைப் பசைக்குள் புதைத்தேன்.
இறுகிய பசை தன் பங்குக்கு அலையைத் தின்றது.
மூன்றாவதுக்குத் தொப்பி, எஃகுக் குழாயில் தண்டு,
யானை மிதித்தாலும் அசையாது என்று பீற்றிக்கொண்டேன்.
விளக்குக் கம்பத்தில் மோதியது.
தொப்பியில் கீறல்கூட இல்லை.
வேரோடு, பலகையிலிருந்து
இணைப்பையே பிடுங்கிக்கொண்டு போயிருந்தது.
கேட்க ஆளில்லாத வாயாகக் கத்திக் கத்தி
வீடியோ அனுப்பி கருகிக் கிடந்தது.
எண்பது வெள்ளி.

சிக்கந்தர் அதை மோந்து பார்த்தான்.
"ஒடிய இடம் விடலன்னா
அதுவே இடம் பாத்துக்கும் லா."

இது நான்காவது.
தலைக்கு மெல்லிய தொப்பி.
அடியில் இணைப்பைச் சட்டத்தோடு இறுகக் கட்டினேன்.
நடுவில் இரண்டங்குலம்
மீன்தொட்டிக் குழாய்க்குள் வெறும் கேபிள்.
தள்ளினால் தலை சாயும்.
விட்டால் நிமிரும்.

ஞாயிறு, எட்டு மணி, புல்லில் இன்னும் ஈரம்.
எட்டு வளையம், மூன்று சுற்று.
எனக்கு முன்னால் வெய் ஷெங்கின் பச்சை விளக்கு.
ஆறாவது வளையத்தில் உட்பக்கமாக நுழைந்தேன்.
துணி. வானம். புல். வானம். புல்.
பிறகு
அசையாத ஒரு படம்:

தண்ணீர் மேலே, வானம் கீழே,
இடையில் கான்கிரீட், பாசி.
ஒரு மைனா தலைகீழாக வந்து
லென்சைக் கொத்திப் பார்த்தது.

பந்தயம் போய்விட்டது, படம் போகவில்லை.
எந்தக் கால்வாய்? மைதானத்தைச் சுற்றி நான்கு.
கண்ணாடியைக் கழற்றாமல்
சிக்கந்தரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.
கிழக்கே போனால் பனி.
தெற்கே திரும்பினால்
பாசியின் ஒவ்வொரு இழையும் தனித்தனியாக.
கல்லு, வேரு, சேறு என்று அவன் என் கால்களுக்குச் சொல்ல,
இடது, இன்னும் இடது என்று
நான் அவன் கண்களுக்குச் சொன்னேன்.

திடீரெனப் படத்தின் கீழோரத்தில்
இரண்டு ஜோடிக் கால்கள், தலைகீழாக.
ஒன்று என் கிழிந்த நீலச் சப்பாத்து.
"நில்லு" என்றேன்.
அங்கேயும் நின்றன.

கம்பிப் படியில் இறங்கி எடுத்தேன்.
இரண்டு புரொப்பெல்லர் இல்லை, ஒரு கை முறிந்திருந்தது,
பதிவு எண்ணில் கடைசி இரண்டு இலக்கம் உரிந்திருந்தது.
தொப்பி நிறையச் சேறு.
தண்டு பக்கவாட்டில் படுத்திருந்தது.
விரலால் தொட்டதும் எழுந்து நின்றது,
பாதித் தூக்கத்தில் அகப்பட்ட காவலாளிபோல.

வெய் ஷெங் வந்தான்,
நெற்றியில் கண்ணாடி பதிந்த கோடு,
முதலாவதாக வந்தவனின் நடை.
தண்டைத் தள்ளிப் பார்த்தான். நிமிர்ந்தது.
மறுபடி தள்ளினான்.
"எவ்வளவு?" என்றான்.

மீன்தொட்டிக் குழாய்
மீட்டர் நாற்பது காசு.
அதை நான் சொல்லவில்லை.